பத்து ஆரஞ்சு மூடிகள்

மார்ச் 4, திங்கள்

மிக்ஸி ஜார் மறுபடியும் அடியில் ஒழுகுகிறது. பாதிச் சட்னி மேடையில். துடைத்துப் போட்டுவிட்டு ஓடி, ஏழரைக்கெல்லாம் வார்டில் நின்றேன். அப்படியும் பிலோமினா மேடம் சுவரைப் பார்த்தார். எங்கள் நர்சிங் சூப்பரின்டென்டென்டுக்கு மனிதர்கள் முகத்தை விடக் கடிகாரத்தின் முகம்தான் பிடிக்கும்.

பெண்கள் வார்டில் இருபத்திரண்டு கட்டில். பகலுக்கு நாங்கள் இரண்டு பேர். இன்று மற்றவள் லீவு. நான்கு டிஸ்சார்ஜ், மூன்று அட்மிஷன். மதியச் சோறு நான்கு மணிக்கு.

ஒன்பதாம் கட்டில் வெள்ளத்தாய் அம்மா வீட்டுக்குப் போயாயிற்று. காலில் புண்ணோடும் நானூறைத் தாண்டிய சர்க்கரையோடும் வந்தவர். பன்னிரண்டு நாள் இருந்தார். கணவர் பெருமாள்சாமி பகல் முழுக்க கட்டில் பக்கத்திலேயே நிற்பார். மனைவிக்குத் தலை வாரிச் சடை போடுகிற ஆளை இந்தக் கோவில்பட்டியில் முதல் தடவையாக இப்போதுதான் பார்த்தேன். அந்தம்மாவுக்குக் கண் மங்கல், இனிமேல் வீட்டில் இன்சுலின் போடப்போவது அவர்தான். கடைசி மூன்று நாளும் அவரையே போட வைத்தேன். காலையில் பதினாறு யூனிட், சாயங்காலம் பத்து. கை நடுங்காமல் போட்டார்.

ஆட்டோவில் ஏறும்போது கும்பிட்டார். எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன்.

மார்ச் 5, செவ்வாய்

குழாயில் தண்ணீர் வரும் நாள். பன்னிரண்டு குடம். இடுப்பு என்னுடையது இல்லை என்பது போல் இருக்கிறது.

மார்ச் 6, புதன்

பதினான்காம் கட்டிலுக்குப் புதிதாக வந்த அம்மாவின் மகள், வெளிக்கடையில் வாங்கிய சிரிஞ்சுகளைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"சுகர் ஊசின்னு கேட்டேன் சிஸ்டர். இதத்தான் குடுத்தாக."

எல்லாம் சிவப்பு மூடி.

இதை இங்கே எழுதி வைக்கிறேன், எனக்காகவே. இன்சுலின் குப்பியில் இரண்டு வகை. ஒரு மில்லியில் நாற்பது யூனிட் இருப்பது ஒன்று. நூறு யூனிட் இருப்பது இன்னொன்று. நாற்பதுக்குச் சிவப்பு மூடிச் சிரிஞ்சு, நூறுக்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் கோடு சரியாக இருக்கும், மருந்து சரியாக இருக்காது. நூறு குப்பியிலிருந்து சிவப்பு மூடிச் சிரிஞ்சில் பத்துக் கோடு இழுத்தால் உள்ளே போவது பத்து இல்லை, இருபத்தைந்து. பதினாறு இழுத்தால் நாற்பது. வெளிக்கடைகளில் வெகுகாலமாக விற்பது சிவப்புதான். சுகர் ஊசி என்று கேட்டால் கடைக்காரர் கை தானாக அங்கே போகும். எங்கள் மருத்துவமனையே போன மாதம்தான் நூறுக்கு மாறியது.

அந்தப் பெண்ணை உட்கார வைத்து விளக்கிச் சொல்லி, மாற்றி வாங்கிவர அனுப்பினேன். அவள் படி இறங்கிப் போன பிறகுதான் எனக்கு உறைத்தது. வெள்ளத்தாய் அம்மாவுக்குக் கொடுத்ததும் நூறு குப்பிதான். கூடவே எங்கள் ஸ்டாக்கிலிருந்து பத்து ஆரஞ்சு மூடி. பதினொன்றாவதை அவர்கள் கடையில்தான் வாங்குவார்கள்.

மூடி நிறத்தைப் பெருமாள்சாமி ஐயாவிடம் சொன்னேனா? சொல்லியிருப்பேன். எப்போதும் சொல்கிறவள்தானே.

மார்ச் 7, வியாழன்

வெள்ளத்தாய் அம்மாவின் டிஸ்சார்ஜ் கோப்பை எடுத்துப் பார்த்தேன். 'வீட்டுப் பராமரிப்பு விளக்கப்பட்டது, உறவினர் திருப்பிச் சொல்லிக் காட்டினார்' என்ற கட்டத்தில் என் டிக். கீழே என் கையெழுத்து. அதற்குக் கீழே பெருமாள்சாமி ஐயாவின் கையெழுத்து, ஐந்தாம் வகுப்புப் பையன் போல ஒவ்வொரு எழுத்தாக நிறுத்தி எழுதியது. கோப்பு அப்படிச் சொல்லும்போது பயப்பட என்ன இருக்கிறது என்று மூடி வைத்தேன். அரை மணி நேரம் கழித்து மறுபடி எடுத்தேன்.

அதில் இருப்பது மகன் மாரீஸ்வரனின் எண். திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிறார். மூன்றாவது தடவை எடுத்தார். பின்னால் மெஷின்களின் இரைச்சல்.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காகன்னுதான் சொன்னாக சிஸ்டர்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்தை பேசணுமே."

"அப்பா போன் கெணத்துல விழுந்துருச்சு சிஸ்டர். பக்கத்து வீட்டுப் போன்ல அவுக கூப்பிட்டாத்தான் உண்டு. ஏன், எதும் பிரச்சனையா?"

"இல்ல, சும்மாதான். ஊசியெல்லாம் சரியாப் போடுறாரான்னு கேக்கத்தான்."

"அப்பா சொன்னதச் சொன்னபடி செய்யிற ஆளு. நீங்க சொல்லிக் குடுத்திருக்கீகல்ல, அப்புறமென்ன."

சரி என்று வைத்துவிட்டேன். சிவப்பு, ஆரஞ்சு என்று இரண்டு சொல் சொல்லியிருக்கலாம். இரைச்சலில் அவருக்கு விளங்கியிருக்காது. அதனால்தான் சொல்லவில்லை.

மார்ச் 8, வெள்ளி

அந்தப் பத்துச் சிரிஞ்சுக்கும் கணக்குப் போட்டேன். திங்கள் சாயங்காலம் ஒன்று. பிறகு நாளுக்கு இரண்டு. சனிக்கிழமை காலையோடு பத்தும் தீரும். சிலர் ஒரே சிரிஞ்சை நான்கு தடவை போடுவார்கள். பெருமாள்சாமி ஐயா அப்படிச் செய்ய மாட்டார். 'ஒரு ஊசி ஒரு தடவைதான்' என்று நான் சொன்னேன். அதைச் சொன்னது நன்றாக ஞாபகம் இருக்கிறது. குளிர்ப்பெட்டி இல்லையென்றால் ஈரமான சின்ன மண்பானைக்குள் குப்பியை வைக்கச் சொன்னதும் ஞாபகம் இருக்கிறது. மற்றதைச் சொன்னதாக ஞாபகம் இல்லை.

டீ நேரத்தில் பிலோமினா மேடத்திடம் சொல்லலாம் என்று அறை வாசல் வரை போனேன். உள்ளே ஆண்கள் வார்டு நர்ஸ் ஒருத்தி நின்று அழுதுகொண்டிருந்தாள்.

"எழுதலேன்னா செய்யலேன்னுதான் அர்த்தம். எத்தன தடவ சொல்லியிருக்கேன்? மெமோ வாங்கிட்டுப் போ."

மேடம் என்னைப் பார்த்து, "என்னம்மா தமயந்தி?" என்றார்.

"பஞ்சு தீர்ந்துருச்சு மேடம்," என்றேன். பஞ்சு அலமாரி நிறைய இருந்தது.

மார்ச் 9, சனி

இன்று காலையோடு பத்தும் முடிந்திருக்கும்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை நான் தவிர யாரும் படிக்கப்போவதில்லை, இதிலும் பூசி மெழுகி என்ன ஆகப்போகிறது. எங்கள் வார்டில் ஒரு பழக்கம். அன்றைக்கு யார் யார் வீட்டுக்குப் போகிறார்களோ, அவர்கள் கோப்புகளை எல்லாம் காலையிலேயே அடுக்கி வைத்து, ஒரே மூச்சில் டிக் போட்டுக் கையெழுத்தும் போட்டுவிடுவோம். பிறகு நேரம் கிடைக்காது என்பதற்காக. சொல்லப்போவதைச் சொன்னதாக எழுதிவிட்டு, அப்புறம் சொல்லுவோம். எல்லோரும் செய்வதுதான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் செய்ததுதான். திங்கள் காலை எட்டு மணிக்கே ஒன்பதாம் கட்டிலுக்கு டிக் போட்டாயிற்று. பெருமாள்சாமி ஐயாவிடம் மற்ற காகிதங்களோடு அதையும் நீட்டினேன். எங்கே என்று கேட்டுக் கேட்டுக் கையெழுத்துப் போட்டார்.

பன்னிரண்டு மணிக்கு உட்கார வைத்துச் சொல்வதாக இருந்தேன். அதே நேரத்தில் மூச்சுத் திணறலோடு ஒரு கிழவியைத் தூக்கி வந்தார்கள். வாசலில் ஆட்டோக்காரர் ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தார். பையைப் பெருமாள்சாமி ஐயா கையில் கொடுத்து, பதினாறு, பத்து, ஒரு ஊசி ஒரு தடவை, மண்பானை என்று நடந்தபடியே சொல்லிவிட்டு ஓடினேன். மூடியின் நிறத்தைச் சொல்லவில்லை. சர்க்கரை இறங்கினால் வியர்க்கும், நடுங்கும், பேச்சு குழறும், உடனே சீனித் தண்ணீர் கொடுங்கள் என்பதையும் சொல்லவில்லை. எதையும் திருப்பிச் சொல்லச் சொல்லிக் கேட்கவும் இல்லை.

நாளை எனக்கு வார விடுமுறை. அவர்கள் ஊர் ஊத்துப்பட்டிக்குப் போகப்போகிறேன். கழுகுமலை பஸ்ஸில் முக்கால் மணி நேரம்தான். இன்றைக்கே மூன்று மணிக்கு டூட்டி முடிந்து நான்கு மணி பஸ்ஸில் போயிருக்கலாம். போகவில்லை. மாவு ஆட்ட வேண்டியிருந்தது.

மார்ச் 10, ஞாயிறு

மகள் கவின்மதியிடம் சோறு குழம்பு இருக்கிற இடத்தைச் சொல்லிவிட்டு, முதல் பஸ்ஸைப் பிடிக்க நினைத்தேன். அது வரவேயில்லை. ஒன்பதே காலுக்குத்தான் ஏறினேன். பையில் என் சொந்த சர்க்கரை மீட்டர், குளுக்கோஸ் பாக்கெட், ஆரஞ்சு மூடிச் சிரிஞ்சு இருபது. வழியெல்லாம் எனக்கு நானே சமாதானம். கடையில் ஆரஞ்சு மூடியே கொடுத்திருப்பார்கள். குப்பியைக் காட்டி வாங்கியிருப்பார். பத்தில் இரண்டு மிச்சம் இருக்கும்.

ஊருக்குள் கேட்டுப் போனபோது மணி பத்தேகால். வாசலில் கயிற்றில் அந்தம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. பெருமாள்சாமி ஐயா என்னைப் பார்த்ததும் ஓடி வந்தார்.

"தாயி, கடவுளாப் பாத்து ஒங்கள அனுப்பியிருக்கு. நேத்து ராத்திரியில இருந்து இவளுக்கு ஒரே வேர்வை. கை காலெல்லாம் ஆடுது. சீனி கூடிப்போச்சு போலன்னு காலையில ஊசியக் கொறைக்காமப் போட்டேன். ஆகாரமும் குடுக்கல."

வெள்ளத்தாய் அம்மா பாயில் கிடந்தார். ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், ஏதோ சொல்கிறார், சொல் தெளியவில்லை. ஜன்னல் விளிம்பில் மண்பானை, மேலே ஈரத்துணி சுற்றி, நான் சொன்னபடியே. பக்கத்தில் கழற்றி வைத்த மூடிகள். இரண்டு சிவப்பு.

மீட்டர் நாற்பத்தொன்று காட்டியது.

ஒரு வாய் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், விழுங்கினார். அந்த நிமிடம் எனக்கு வந்த உயிரை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. விழுங்க முடியாமல் போயிருந்தால் வாயில் எதையும் ஊற்றியிருக்க முடியாது. நிமிர்த்தி என் தோளில் சாய்த்து, குளுக்கோஸைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தேன். பக்கத்து வீட்டுப் பெண்ணை 108-ஐக் கூப்பிடச் சொன்னேன். மீட்டரில் மறுபடி பார்க்கப் பதினைந்து நிமிடம் காத்திருக்க வேண்டும். என் வாழ்க்கையில் அத்தனை நீளமான பதினைந்து நிமிடத்தைப் பார்த்ததில்லை. ஐம்பத்தெட்டு. மறுபடி கொடுத்தேன். எண்பத்தாறு.

அந்தம்மா என்னை உற்றுப் பார்த்து, "சிஸ்டரா? காப்பி குடிச்சீகளா?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

தெளிந்துவிட்டார் என்று விட முடியாது. காலையில் போட்ட நாற்பது யூனிட்டும் சாயங்காலம் வரை வேலை செய்யும், மறுபடி இறக்கும். இட்லி இரண்டைச் சாப்பிட வைத்து, ஆம்புலன்ஸ் வந்ததும் எங்கள் மருத்துவமனைக்கே கூட்டி வந்தேன். புறப்படும் முன்னால் பக்கத்து வீட்டுப் போனில் மகனைக் கூப்பிட்டு, சிவப்பு மூடியால் மருந்து கூடிவிட்டதென்று நான் சொன்னதைச் சொன்னார்கள். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள்.

"என்னத்தப்பா செஞ்சு வச்சிருக்க? சிஸ்டர் படிச்சுப் படிச்சுச் சொல்லியிருப்பாக. நீ எங்கயாவது பராக்குப் பாத்துக்கிட்டு இருந்திருப்ப."

பெருமாள்சாமி ஐயா என்னைப் பார்த்தார். குற்றம் சொல்லும் பார்வை இல்லை. ஞாபகப்படுத்திப் பார்க்கிற பார்வை.

"சொல்லியிருப்பாகப்பா. சொல்லாமயா இருப்பாக. எனக்குத்தான் காதுல விழல போல."

நான் ஆம்புலன்ஸ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வாயைத் திறக்கவில்லை.

மார்ச் 11, திங்கள்

வெள்ளத்தாய் அம்மா மறுபடி ஒன்பதாம் கட்டில். குளுக்கோஸ் டிரிப்பில் இரவைக் கடந்துவிட்டார். இன்று சர்க்கரை நூற்று நாற்பது. பிழைத்தார்.

டாக்டர் கேஸ் ஷீட்டில் எழுதியது: வீட்டில் ஊசி போட்டவரின் கவனக்குறைவால் அளவு கூடியது. அதற்குச் சான்றாகப் பழைய கோப்பின் நகலைப் பின்னால் சேர்த்திருக்கிறார்கள். என் டிக்.

பிலோமினா மேடம் என்னை அறைக்குக் கூப்பிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக உட்காரச் சொன்னார்.

"லீவு நாள்ல வீடு தேடிப் போயிருக்க. எம்.டி. வரைக்கும் சொல்லியாச்சு. அதவிட, நல்ல வேள, நீ டிக் போட்டுக் கையெழுத்தும் வாங்கி வச்சிருக்க. நாம தப்பிச்சோம்."

வெளியே வந்து முகம் கழுவினேன்.

மதியம் மாரீஸ்வரன் வந்துவிட்டார். முப்பது வயது இருக்கும், தூக்கமில்லாத கண். அப்பாவோடு பேசவில்லை. டிஸ்சார்ஜ் ஆனதும் அம்மாவைத் திருப்பூருக்கே கூட்டிப்போய்விடுவதாக என்னிடம் சொன்னார்.

"அப்பா?"

"அவரு இங்கயே கெடக்கட்டும். ஒத்த ரூமு வீடு. அவரையும் பாத்துக்கிட்டு, அவரு என்ன செய்யிறாருன்னும் பாத்துக்கிட்டு என்னால முடியாது சிஸ்டர்."

பெருமாள்சாமி ஐயா கையில் சீப்போடு கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றார். இன்று சடை போடவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

மிக்ஸி ஜார் சரிபண்ணி வந்தது. ஒழுகவில்லை.

எங்கள் மருத்துவமனைக்குக் காது டாக்டர் வருவது செவ்வாய்க்கிழமைகளில். பதினொரு மணிக்கு மருந்து வாங்க இறங்கும்போது பார்த்தேன். சீட்டைக் கையில் பிடித்துக்கொண்டு வரிசையில் ஐந்தாவதாக உட்கார்ந்திருந்தார் பெருமாள்சாமி ஐயா. தூணுக்குப் பின்னால் நின்றேன். இப்படி ஒளிந்து நிற்பது நானா என்று இருந்தது. அவர் டாக்டர் அறையிலிருந்து வெளியே வந்ததும் எதிரில் போய் நின்றுவிட்டேன்.

"என்னய்யா சொன்னாங்க?"

"ரெண்டு காதும் நல்லாக் கேக்குதுன்றாக." மெதுவாகச் சொன்னார். "அப்ப புத்தியிலதான் கோளாறு போல தாயி. ஒங்க மொகம் ஞாபகம் இருக்கு. பானையச் சொன்னது ஞாபகம் இருக்கு. மூடியச் சொன்னது மட்டும் எங்க தேடியும் அகப்பட மாட்டேங்குது."

சாயங்காலம் சாப்பாடு இறங்கவில்லை. காரணம் கேட்ட மகளிடம் தலைவலி என்றேன்.

மார்ச் 13, புதன்

ஏழு மணிக்கே போய்விட்டேன். பழைய கோப்பை எடுத்தேன். எங்கள் வேலையில் தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது, வெள்ளை பூசக் கூடாது. ஒரே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் உண்மையை எழுதி, தேதியும் நேரமும் போட வேண்டும். முதலாம் ஆண்டில் கற்றுக்கொடுத்தது. டிக்கின் மேல் கோடு இழுத்தேன். 'விளக்கம் தரப்படவில்லை. விளக்கம் தரும் முன்பே கையெழுத்திட்டேன். உறவினர் மேல் தவறில்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அதை மேடத்தின் மேசையில் வைத்தபோது அவர் இரண்டு தடவை படித்தார்.

"யாரு ஒன்னக் கேட்டா? எதுக்கும்மா இது?"

"அவர் காது டாக்டரப் பாக்கப் போனார் மேடம்."

மேடம் மெமோ தாளை எடுத்தார். மூன்று நாளில் பதில். வேலை இருக்குமோ இருக்காதோ தெரியாது. மெமோவை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஒன்பதாம் கட்டிலுக்குப் போனேன். மூன்று பேரும் இருந்தார்கள். பெட்டி கட்டியிருந்தது. ஏதாவது முன்னுரை சொல்ல ஆரம்பித்தால் தைரியம் போய்விடும் என்று தெரிந்தது.

"மூடி விஷயத்த அப்பாகிட்ட நான் சொல்லல. சொல்லாமலே சொன்னதா எழுதி அவர்கிட்டக் கையெழுத்து வாங்குனேன். தப்பு என்னோடது."

மாரீஸ்வரன் எழுந்துவிட்டார். "எங்கம்மா செத்திருந்தா?"

அவர் இன்னும் நிறையச் சொன்னார். வார்டே திரும்பிப் பார்த்தது. எல்லாமே நியாயம்தான். கடைசியில் குரல் உடைந்து, "நாலு நாளா அவர வாயில வந்ததெல்லாம் பேசிட்டேனே," என்று சொல்லிவிட்டு வராண்டாவுக்குப் போய் சுவர் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

பெருமாள்சாமி ஐயா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நெசமாவே சொல்லலையா தாயி?"

"நெசமாவே சொல்லலங்கய்யா."

"அப்ப புத்தி சரியாத்தான் இருக்கா எனக்கு?"

"சரியாத்தான் இருக்கு."

தலையை ஆட்டினார். திட்டுவார் என்று நின்றேன். அவர் சட்டைப் பையிலிருந்து சீப்பை எடுத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி அந்தப் பக்கம் போனார். வெள்ளத்தாய் அம்மா வராண்டாவைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்.

"ஏலே மாரீசு, நான் திருப்பூருக்கு வரல. பொட்டிய அவுரு."

பெட்டி அவிழ்ந்ததும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நின்றுகொண்டு சொல்லவில்லை. இரண்டு சிரிஞ்சையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். குப்பியில் நூறு என்று எழுதியிருக்கும் இடத்தை அவர் விரலாலேயே தொட வைத்தேன். மகனும் வந்து பின்னால் நின்றுகொண்டார். பிறகு ஐயாவைத் திருப்பிச் சொல்லச் சொன்னேன்.

"ஆரஞ்சு மூடி மட்டுந்தான். கடையில செவப்பக் குடுத்தா வேண்டாம்னு சொல்லி, இந்தக் குப்பியக் காட்டிக் கேக்கணும். வேர்த்தா, ஆடுனா, பேச்சுக் கொழறுனா சீனி எறங்கிருச்சுன்னு அர்த்தம். ஊசி போடக் கூடாது. சீனித் தண்ணி குடுக்கணும். முழுங்க முடியலன்னா வாயில எதுவும் ஊத்தாம 108க்குச் சொல்லணும்." நிறுத்தி யோசித்தார். "பானை சொல்லணுமா?"

"அது நீங்க மறக்க மாட்டீங்க."

எழுந்தபோது பழக்க தோஷத்தில் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். உட்காரும்போது பத்து நாற்பது. இப்போது பத்து நாற்பத்தாறு.